துருவக் கரடியும் முந்நூறு மீட்டரும்

தை மாதத்து விடியற்காலையில், தனுஷ்கோடிச் சாலைக்குப் பக்கவாட்டில் தேங்கி நிற்கும் ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருக்கும்போது, கரையில் கேமராவோடு நிற்பவர்களுக்குக் காத்திருப்பதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வேலை இருப்பதில்லை. அப்படியொரு காத்திருப்பில், எங்களோடு பேசிக்கொண்டிருந்த கரைவலைக்காரப் பெரியவர் ஒருவரிடம் கைப்பேசியில் வந்திருந்த ஒரு படத்தைக் காட்டினேன். ஊதா நிறப் பூக்களுக்கு நடுவே துருவக் கரடி ஒன்று கேமராவை நேருக்கு நேராகப் பார்த்தபடி நின்றது. வண்டியிலிருந்தோ கப்பலிலிருந்தோ அல்லாமல், தரையில் நடந்து போய் எடுத்த படம் என்று அடியில் குறித்திருந்தார்கள். பெரியவர் அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நடந்து போயி எடுத்தாகளாக்கும்? கரடி விடுறாக தம்பி" என்றார்.

அவருடைய சந்தேகம் நியாயமானதுதான். வளர்ந்த ஆண் துருவக் கரடி 300 முதல் 600 கிலோ வரை எடை கொண்டது. குறுகிய தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. ஊனையே முதன்மையாக உண்டு வாழ்வது. அதற்கும் மனிதனுக்கும் நடுவில் கம்பியோ கண்ணாடியோ இல்லாமல் ஒரு படம் எடுக்கப்பட்டது என்றால் நம்பத் தயங்குவது இயல்பு. ஆனாலும் அத்தகைய படங்கள் பல ஆண்டுகளாகவே எடுக்கப்பட்டு வருகின்றன. அவற்றைப் பார்ப்பவர்கள் எடுத்தவரின் துணிச்சலைத்தான் முதலில் வியக்கிறார்கள். விவரம் அறிந்தவர்களைக் கேட்டால், அந்த வேலையில் துணிச்சலுக்கு உள்ள பங்கு மிகக் குறைவு என்பார்கள். கரடியின் பருவம், காற்றின் திசை, உடன் வரும் உள்ளூர்க்காரரின் அனுபவம், எவ்வளவு தூரத்தில் நின்றுவிட வேண்டும் என்ற கணக்கு ஆகிய நான்குமே அந்தப் படத்தை எடுக்கின்றன. கேமராவை வைத்திருப்பவர் விசையை அழுத்துகிறார்.

முதலில் கரடியைப் பற்றி. நாம் அறிந்த மலைக்கரடியை மனத்தில் வைத்துக்கொண்டு துருவக் கரடியைப் புரிந்துகொள்ள முடியாது. அதைக் கடற்பிராணியாகப் பார்ப்பதே சரி. 1774 இல் அதை முதன்முதலாகத் தனி இனமாக விவரித்த கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ் வைத்த 'உர்சஸ் மாரிடிமஸ்' என்ற பெயருக்கே கடல் கரடி என்றுதான் பொருள். அமெரிக்கச் சட்டம் அதைத் திமிங்கிலம், கடல்நாய் ஆகியவற்றோடு கடல் பாலூட்டிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பாக் நீரிணையின் கடற்புல் இல்லாமல் ஆவுளியா என்னும் கடற்பசு இல்லை என்பதைப்போல, கடலின் மேல் உறையும் பனி இல்லாமல் துருவக் கரடி இல்லை. கடல்நாய்கள் மூச்சு விட மேலே வரும் துளைகளின் அருகே மணிக்கணக்கில் அசையாமல் காத்திருந்து பிடிப்பதே அதன் பிழைப்பு. திறந்த நீரில் கடல்நாயைத் துரத்திப் பிடிக்க அதனால் பெரும்பாலும் முடியாது. ஆகவே பனி உருகிப் போனால், நம் கரையில் சொல்வதுபோல, அதற்குப் பாடு, அதாவது பிடிபடும் இரை, கிடையாது.

இந்த ஒரு செய்தியிலிருந்துதான் நடைப்பயணப் படங்களின் கதை தொடங்குகிறது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் ஜூன், ஜூலை மாதங்களில் பனி முழுவதும் உருகிவிடுகிறது. மீண்டும் உறைவது நவம்பர் வாக்கில். இடைப்பட்ட நான்கு மாதங்களுக்குமேல் அங்குள்ள கரடிகள் கரையேறிக் காத்திருக்கின்றன. நம் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கட்டிக் கிடக்கின்றன என்றால், அவற்றின் தடைக்காலம் அதைப்போல இரு மடங்கு. நிவாரணத் தொகையும் கிடையாது. வசந்தத்தில் கடல்நாய்க் கொழுப்பைத் தின்று சேர்த்த உடற்கொழுப்பை வைத்தே நாள்களை ஓட்ட வேண்டும். 2019 முதல் 2022 வரை அந்த விரிகுடாவின் மேற்குக் கரையில் இருபது கரடிகளின் கழுத்தில் சிறு கேமராக்களைப் பொருத்தி ஆராய்ந்தவர்கள், கரையில் இருக்கும்போது அவை சராசரியாக நாளொன்றுக்கு ஒரு கிலோ எடை இழப்பதைக் கண்டார்கள். புல்லும் காட்டுப் பழமும் பறவைச் சடலமும் தின்ற கரடிகளும்கூட, தேடி அலைந்ததில் செலவான ஆற்றலை அந்த உணவால் ஈடுகட்ட முடியவில்லை. ஆகவே கரையில் இருக்கும் கரடிகள் பல, கடற்கரை மேடுகளிலும் புதர் ஓரங்களிலும் பேசாமல் படுத்துக் கிடக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் அங்கே ஃபயர்வீட் என்னும் செடி பூத்துக் குலுங்கும். பெரியவர் பார்த்த ஊதாப் பூ அதுதான்.

மனிதர்கள் ஓரளவு நெருங்கக்கூடிய காலம் என்று இதைச் சொல்வதற்குக் காரணம் இந்தச் சோம்பல்தான். ஆனால் இந்தச் சோம்பலை நம்பிக் கணக்குப் போட்டுவிடக் கூடாது. தடைக்காலத்தில் கையிருப்பு உள்ளவர் திண்ணையில் படுத்திருப்பார், இல்லாதவர் தெருவில் அலைவார், கரடிகளிலும் அப்படியே. 1870 முதல் 2014 வரை துருவக் கரடிகள் மனிதரைத் தாக்கிய நிகழ்வுகளைத் திரட்டி 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து நாடுகளில் 73 தாக்குதல்களைப் பட்டியலிட்டது. அவற்றில் 20 பேர் இறந்தார்கள், 63 பேர் காயமடைந்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு இது பெரிய எண்ணிக்கை அன்று. கூடவே சொல்லப்பட்ட செய்திதான் முக்கியமானது: தாக்கியவற்றில் பெரும்பாலானவை உடல் மெலிந்து, பசியில் இருந்தவை. மேலும், பட்டியலின் கடைசி ஐந்து ஆண்டுகளான 2010 முதல் 2014 வரை மட்டும் 15 தாக்குதல்கள் நடந்திருந்தன. பனியில்லாக் காலம் நீள நீள, மெலிந்த கரடிகள் கரையில் அதிகமாகின்றன என்பதோடு சேர்த்து இதைப் படிக்க வேண்டும். மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1980களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1,200 ஆக இருந்த கரடிகள், 2016 கணக்கெடுப்பில் 842 ஆகவும் 2021 இல் 618 ஆகவும் குறைந்தன. நடந்து போய் அழகான படம் எடுக்க மிகவும் தோதான அந்தக் கரைதான், கரடிகள் மிக வேகமாகக் குறைந்துவரும் கரைகளில் ஒன்றாகவும் இருக்கிறது.

அந்த விரிகுடாக் கரையில் சர்ச்சில் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆயிரம் பேருக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர். தெருவில் கரடி எதிர்ப்பட்டால் யாரும் ஏறி ஒளிந்துகொள்ளட்டும் என்று கார்க் கதவுகளைப் பூட்டாமல் விடுவது அவ்வூர் வழக்கம். நவம்பரில் கடல் அங்கேதான் முந்தி உறைகிறது. சர்ச்சில் ஆற்றின் நன்னீர் கலப்பதும் விரிகுடாவின் நீரோட்டமும் அதற்குக் காரணங்கள். அதனால் கரடிகள் அங்கே வந்து கூடுகின்றன. ஊருக்கு வரும் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் பெரிய சக்கரங்கள் பூட்டிய உயரமான வண்டிகளில் இருந்தே கரடிகளைப் பார்க்கிறார்கள். நடைப்பயணம் என்பது அங்கிருந்து சிறு விமானத்தில் இன்னும் தள்ளிப் போய், வேலியிட்ட தனி விடுதிகளில் தங்கி, வழிகாட்டிகளோடு கடலோரம் நடப்பது. கரையோரத்தின் ஒரு பெரும் பகுதி 1996 இல் வாபஸ்க் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வாபஸ்க் என்றால் கனடாவின் பூர்வகுடிகளான கிரீ மக்களின் மொழியில் வெள்ளைக் கரடி.

வேறு இடங்களும் உண்டு. கனடாவின் லாப்ரடார் பகுதியின் வடகோடியில் உள்ள டோர்ன்காட் மலைத் தேசியப் பூங்காவில் சாலையே இல்லை. அங்கே நடப்பவர்கள் அந்நிலத்தின் பூர்வகுடிகளான இனுவிட் மக்களில் ஒருவரைக் கரடிக் காவலராக உடன் அழைத்துச் செல்வது வழக்கம்; துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை அவருக்குத்தான், வந்தவருக்கு இல்லை. இதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. மணல்திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது, நீரோட்டம் எப்போது திரும்பும் என்று அரிச்சல்முனையில் வெளியூர்க்காரர் புத்தகம் பார்த்துச் சொல்ல முடியாது. நனூக் என்று கரடியைப் பெயர் சொல்லி அழைத்து, பல தலைமுறையாக அதோடு வாழ்ந்த மக்களின் கையில் காவல் இருப்பது அதே வகையைச் சேர்ந்தது. ரஷ்யாவின் ரேங்கல் தீவில் நிகிதா ஒவ்சியானிகோவ் என்ற விஞ்ஞானி துப்பாக்கி இல்லாமல், கையில் ஒரு கோலோடு கரடிகளிடையே பல ஆண்டுகள் நடந்து ஆய்வு செய்தார். இதைச் சிலர் எடுத்துக்காட்டாகச் சொல்லி, கரடி ஒன்றும் செய்யாது என்று வாதிடுவதுண்டு. கோலுக்குப் பின்னால் இருந்த பல்லாண்டுப் பழக்கத்தை அவர்கள் கழித்துவிட்டுப் பேசுகிறார்கள்.

நார்வேயின் ஆட்சியில் உள்ள சுவால்பார்டு தீவுக்கூட்டம் நமக்குச் சற்று நெருக்கமானது. அங்கே 79 டிகிரி வட அகலாங்கில் உள்ள நியூ ஆலசுண்ட் ஆய்வூரில் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது. அங்கே போகும் நம் விஞ்ஞானிகளுக்கும் ஊருக்கு வெளியே கால் வைப்பதற்கு முன் துப்பாக்கி கையாளும் பயிற்சி உண்டு. அவ்வூரிலும் கதவுகள் பூட்டப்படுவதில்லை. சுவால்பார்டில் குடியிருப்புக்கு வெளியே செல்லும் எவரும் கரடியை விரட்டுவதற்கான கருவி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதே வேளை கரடியைத் தேடிப் பின்தொடர்வதும் கவர்ந்திழுப்பதும் தொல்லை செய்வதும் குற்றம். கரடியிடமிருந்து உன்னைக் காத்துக்கொள், ஆனால் கரடியிடம் போகாதே என்பது இதன் சாரம்.

நடை எப்படி நிகழ்கிறது என்பதை இனிப் பார்க்கலாம். பறவைப் படம் எடுப்பவர்கள் பழகிய முறைக்கு இது நேர்மாறானது. நாம் மறைந்து, குனிந்து, உடைமரத்தின் பின்னால் ஒளிந்து நெருங்கப் பார்ப்போம். கரடியிடம் ஒளிந்து நெருங்கினால் அது திடுக்கிடும். திடுக்கிட்ட கரடி என்ன செய்யும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆகவே திறந்த வெளியில், தெரியும்படியாக, நிதானமாக நடப்பார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர், நடுவில் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எறும்புச் சாரைபோல. கரடி கண்ணில் பட்டதும் வரிசை கலைந்து ஒரே கொத்தாக நெருங்கி நிற்பார்கள். தனித்தனியாகச் சிதறி நிற்கும் எட்டுப் பேரைவிட, ஒட்டி நிற்கும் எட்டுப் பேர் கரடியின் கண்ணுக்கு ஒரு பெரிய பிராணியாகத் தெரியக்கூடும் என்பது வழிகாட்டிகளின் கணிப்பு. நேராகக் கரடியை நோக்கி நடக்காமல், அதைக் கடந்து போவதுபோலச் சாய்வான பாதையில் போய், நின்று, பார்த்து, மீண்டும் சற்றுப் போவார்கள். கடைசி அடியை வைப்பது எப்போதும் மனிதனாக இருப்பதில்லை. நல்ல படங்கள் பலவற்றில், மனிதர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, கரடிதான் ஆர்வத்தோடு மீதித் தூரத்தை நடந்து வந்திருக்கிறது.

அப்படி வரும்போது அது நேராக வராது. பெரும்பாலும் ஒரு வளையம் போட்டுக் காற்று மனிதர்களிடமிருந்து வீசும் பக்கத்துக்குப் போய் மோப்பம் பிடிக்கப் பார்க்கும். கண்ணைவிட மூக்கைத்தான் அது நம்புகிறது. வாடையும் கச்சானும் கொண்டலும் பார்த்துப் படகை இறக்கும் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை: கரடி நிற்கும் திசையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் நிற்கும் வழிகாட்டியின் கண் காற்று போய்ச் சேரும் பக்கத்திலேயே இருக்கும். இன்னொரு கரடி வருவதாக இருந்தால் அந்தப் பக்கமாகத்தான் வரும்.

கரடி தலையை உயர்த்தி மூக்கை அசைப்பதும், பின்னங்கால்களில் எழுந்து நிற்பதும் பார்க்கிறவர்களுக்கு அச்சமூட்டினாலும், அவை பெரும்பாலும் 'யார் அது' என்று அறிந்துகொள்ளும் முயற்சிகள். தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்குச் சாய்த்து, மூச்சை உஸ்ஸென்று ஊதுவதும் பல்லைத் தட்டுவதும் வேறு செய்தி. அப்போது வழிகாட்டி குரல் கொடுப்பார். கையில் வைத்திருக்கும் இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டுவார். அதற்கும் மசியாவிட்டால் வெடிச்சத்தம் எழுப்பும் தோட்டாவைச் சுடுவார். உண்மையான குண்டு எல்லாவற்றுக்கும் கடைசி. கல்லைத் தட்டுவதோடு அந்த நாள் முடிந்துவிட வேண்டும் என்பதே அவர்களுடைய தொழில் பெருமை. திரும்பி ஓடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சதுப்பும் கல்லுமான அந்தத் தரையில் தடித்த காலணியோடு யாராலும் ஓட முடியாது, ஓடுவதைக் கண்டால் துரத்தத் தோன்றுவது ஊனுண்ணியின் இயல்பு.

படம் எடுப்பவர் வழக்கமாகச் செய்யும் இரண்டு காரியங்கள் இங்கே தடைபடுகின்றன. ஒன்று, தரையோடு படுத்து எடுப்பது. பூநாரைக்கும் உள்ளானுக்கும் சேற்றில் படுத்தால்தான் கண்மட்டம் கிடைக்கும். ஆனால் கடற்கரையில் படுத்துக் கிடக்கும் மனிதன் தொலைவிலிருந்து எந்தப் பிராணியைப்போலத் தெரிவான் என்பதை யோசித்தால், வழிகாட்டிகள் ஏன் நிற்கச் சொல்கிறார்கள் என்பது விளங்கும். நல்ல வேளையாகப் படுக்கத் தேவையும் இல்லை. நாலு காலில் நிற்கும் பெரிய கரடியின் தலை, நிற்கும் மனிதனின் மார்பளவுக்கு வந்துவிடுகிறது. வண்டியின் மேல்தளத்திலிருந்து எடுத்தால் கரடியின் முதுகும் அதற்குப் பின்னால் தரையும்தான் கிடைக்கும். தரையில் நின்று எடுத்தால் அதன் கண்ணும் பின்னால் தொடுவானமும் கிடைக்கின்றன. நடந்து எடுத்த படங்களின் ஈர்ப்பு முழுவதும் இந்த உயர வேறுபாட்டில் இருக்கிறது. இரண்டாவது, முக்காலி. குழுவாகப் பின்வாங்க வேண்டிய நொடியில் முக்காலியை மடக்கிக்கொண்டிருக்க முடியாது. கையில் பிடித்து எடுக்கக்கூடிய லென்ஸோ ஒற்றைக்கால் தாங்கியோ போதும்.

இனித் தூரத்தின் கணக்கு. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுச்சட்ட சென்சாரில், 600 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்து, இரண்டு மீட்டர் நீளமுள்ள கரடியை நூறு மீட்டரிலிருந்து எடுத்தால் அதன் உருவம் 12 மில்லிமீட்டர் அகலத்தில் விழும்; அதாவது படத்தின் மூன்றில் ஒரு பங்கு. அதே கரடி முந்நூறு மீட்டரில் இருந்தால் 4 மில்லிமீட்டர், ஒன்பதில் ஒரு பங்கு. முந்நூறு என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 2025 ஜனவரி 1 முதல் சுவால்பார்டில் கரடிக்கும் மனிதருக்கும் இடையே குறைந்தது 300 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அது 500 மீட்டர். தெரியாமல் அதற்குள் வந்துவிட்டால் விலகிப் போக வேண்டியது மனிதனின் பொறுப்பு. இந்த விதி வந்தபோது, முகம் தெரியும் படத்துக்கு இனி வழியில்லை என்று படம் எடுப்பவர்கள் பலர் வருந்தினார்கள். கணக்குப்படி அது உண்மை. ஆனால் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிய கரடியைச் சுற்றி மீதி எட்டுப் பங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய கட்டாயமும் அதனால் வந்திருக்கிறது. பனியாற்றின் நீல முகப்பும், உடைந்து மிதக்கும் பாளங்களும், அவற்றின் மேல் நடக்கும் ஒரு சிறிய மஞ்சள் புள்ளியும் சேர்ந்த படம், அந்த விலங்கின் நிலையை முகப்படத்தைவிடத் தெளிவாகச் சொல்கிறது என்பது என் கருத்து. எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

சட்டம் ஏன் அவ்வளவு தூரம் கேட்கிறது? சுவால்பார்டில் பனிவண்டிகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், குட்டியோடு இருந்த தாய்க்கரடிகள் சராசரியாக ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே கலைந்தன. பெரிய ஆண் கரடிகள் முந்நூறு மீட்டரளவு நெருங்கும் வரை பொறுத்தன. அதாவது, நம் கண்ணுக்குக் கரடி சாதாரணமாகத் தெரியும் தூரத்திலேயே தாய்க்கரடி எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டிருக்கலாம். நாளுக்கு ஒரு கிலோ கரையும் காலத்தில் வீணாக நடக்கும் ஒவ்வொரு நடையும் அதன் கையிருப்பிலிருந்து கழிகிறது. சிவபூஜையில் கரடி புகுந்தாற்போல என்று நாம் சொல்வதை அங்கே திருப்பிப் போட வேண்டும்: பூஜை கரடியுடையது, புகுந்தவர்கள் நாம்.

புகுந்ததன் விலை சில வேளை ஒரே நொடியில் தெரிந்துவிடும். 2018 ஜூலையில் சுவால்பார்டின் வடகோடித் தீவொன்றில், கப்பல் பயணிகளை இறக்குவதற்கு முன் கரை பாதுகாப்பானதா என்று பார்க்கச் சென்ற காவலர்களில் ஒருவரை, கண்ணில் படாமல் இருந்த கரடி தாக்கியது. அவர் தலையில் காயத்தோடு தப்பினார். கரடியை உடனிருந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர், பயிற்சி பெற்றவர்கள். அந்தத் தீவுக்கூட்டத்தில் துருவக் கரடிகள் 1973 முதல் காக்கப்பட்டு வருகின்றன. அதே ஆண்டு கனடா, டென்மார்க், நார்வே, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய ஐந்தும் கூடித் துருவக் கரடிப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. உலகம் முழுவதும் இன்று அவை ஏறத்தாழ 26,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஒரு கரை இறக்கத்துக்காக அவற்றில் ஒன்று குறைந்தது.

கேமரா பற்றிய செய்திகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏனெனில் அவற்றில் பாதியை இராமநாதபுரம் கடற்கரையிலேயே கற்றுக்கொள்ள முடியும். வெண்பனியைப் பார்த்ததும் கேமராவின் ஒளிமானி ஏமாந்துபோய், எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒளியளவின் படி) வரை ஒளியைக் கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக இருக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் குவித்து வைத்த உப்புக்கு முன்னால் ஒரு கொக்கை எடுத்துப் பார்த்தால் இந்தப் பாடம் முழுவதும் கிடைத்துவிடும். துருவக் கரடி வெண்மையானதும் அன்று. அதன் தோல் கறுப்பு, மயிர் நிறமற்ற, உள்ளீடற்ற குழல். ஒளி சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது, பனியின் முன்னால் வைத்தால் பழந்தந்தத்தின் மஞ்சள் தெரியும். கணினியில் அதை வெளுக்க வைப்பவர்கள் கரடியைக் கெடுக்கிறார்கள்.

கானலும் இரு இடத்துக்கும் பொது. இங்கே காலை எட்டரை மணிக்குமேல் சேற்றுநிலத்தின் மீது காற்று நெளியத் தொடங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் பயன்படாது. அங்கேயும் வெயில் பட்ட தரைக்கும் குளிர்ந்த காற்றுக்கும் வெப்ப வேறுபாடு இருக்கும் நாளில் தூரத்துக் கரடியின் ஓரங்கள் நெளிந்துபோகும். பல வேளை, படம் கூர்மையாக இல்லாததற்கு லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். ஈரம் படிவது மட்டும் தலைகீழ். இராமேசுவரத்து விடுதியின் குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் கண்ணாடி வியர்க்கும். அங்கே வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும்போது வியர்க்கும். காற்றுப்புகாத பையில் மூடி உள்ளே கொண்டுவந்து, அறைச்சூடு ஏறிய பிறகே திறக்க வேண்டும். மின்கலங்கள் குளிரில் பாதியிலேயே கைவிடும் என்பதால் உதிரிகளைச் சட்டையின் உட்பையில், உடற்சூட்டில் வைத்துக்கொள்வார்கள். நமக்குக் கிடைக்காத ஒன்று அங்கே உண்டு: சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை. சர்ச்சிலில் நவம்பரில் பகல் ஏழெட்டு மணி நேரந்தான் என்றாலும், அத்தனையும் நம் காலை ஏழு மணியின் சாய்ந்த பொன்னொளி.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். கற்களைத் தட்டி விரட்டுவார்கள் என்றபோது சிரித்தார். கரடி தானாக வந்தால்தான் உண்டு என்றபோது சிரிக்கவில்லை. "அது சரி" என்று நீரைப் பார்த்தார்.

அங்கே ஒரு சின்ன கலவரம் நடந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி கணுக்கால் நீரில் இறங்கிப் பறவைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பு பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது கரையில் நிற்பவர்களின் பழக்கத்தில் இன்னும் வந்து சேரவில்லை. பூநாரைகளுக்கு முன்னால், சேற்று விளிம்பில், கொசு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்தன. முப்பது கிராம்கூட எடையில்லாத இப்பறவைகள் சித்திரை வாக்கில் புறப்பட்டு, ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையோரத் தரையில் கூடு கட்டப் போகின்றன. பனி உருகித் துருவக் கரடி கரையேறும் கரைகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

"ஏய் தம்பிகளா, அங்கனயே நில்லுங்க" என்று பெரியவர் குரல் கொடுத்தார். "முதக் குருவி கழுத்தத் தூக்கிருச்சு பாருங்க. இன்னொரு எட்டு வச்சா அம்புட்டும் எந்திரிச்சுரும்."

இளைஞர்கள் நின்றார்கள். கழுத்தை உயர்த்திய பூநாரை சற்று நேரம் அப்படியே பார்த்துவிட்டு மீண்டும் அலகை நீரில் வைத்தது. கால் மணி நேரத்தில் இரை தேடும் வரிசை தானாகவே எங்கள் பக்கம் சாய்ந்து வந்தது. எட்டரைக்குக் கானல் கிளம்பியது. கேமராக்களைப் பையில் வைத்தோம்.